சாவித்ரி படகுக்குத் தைத்த மெத்தைகள்

கரமனை அக்ரஹாரத்தில் சாவித்ரியைத் தையல் மாமி என்றுதான் சொல்வார்கள். அம்பாசமுத்திரத்திலிருந்து கல்யாணமாகி மலையாள தேசத்துக்கு வந்தபோது கூட வந்த கால் மிஷின் இன்னும் அவள் வீட்டு ரேழியில் ஓடிக்கொண்டிருக்கிறது. தெருவில் பாதிப் பேரின் ரவிக்கை அளவு அவளுக்கு மனப்பாடம். யார் இளைத்தார்கள், யார் பெருத்தார்கள் என்பது மற்றவர்கள் கண்ணில் படுவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும். வாயைத் திறந்து சொல்ல மாட்டாள். உள்ளே துணி விட்டுத் தைத்துக் கொடுத்துவிடுவாள்.

கணவர் சேஷன் இன்சூரன்ஸ் ஆபீஸில் இருந்து ரிட்டையர் ஆனவர். தெருவில் அவருக்குக் கப்பல்காரர் என்று பெயர். அவரிடம் ஒரு சின்னப் பாய்மரப் படகு இருந்ததுதான் காரணம். கோவளத்தில் ஹோட்டல் நடத்திய ஒருவர் தொழிலை முடித்துக்கொண்டு போகும்போது விற்ற பழைய ஃபைபர் படகு. நெருக்கி உட்கார்ந்தால் நாலு பேர் போகலாம். வேளிக் காயல் என்கிற உப்பங்கழியின் கரையில், ஓமனா என்பவர் வீட்டுத் தென்னந்தோப்பில் அது கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் சேஷன் குளித்து, சந்தி பண்ணி, காபியைக் குடித்துவிட்டு பஸ் ஏறிவிடுவார். வெயில் தாழ்ந்த பிறகு, முகம் கறுத்து, வேட்டியில் உப்புக் கறையோடு திரும்பி வருவார்.

"மத்தவா ஆத்துக்காரர் சீட்டாடறார், இவர் ஜலத்துல ஆடறார். அவ்வளவுதான் வித்யாசம்" என்பாள் சாவித்ரி. சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தனியாகச் சாப்பிட்டவளின் சிரிப்பு அது.

ஒரே ஒரு தடவை அவளும் அந்தப் படகில் போயிருக்கிறாள். பெண் ஸ்நேகா பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த காலம். பட்டுப் புடவை வேண்டாம் என்று சேஷன் சொல்லியிருந்தார். மற்றதை எதையும் சொல்லவில்லை. உட்காருகிற பலகை கருங்கல் மாதிரி இருந்தது. முதுகைச் சாய்க்கலாம் என்றால் படகின் விளிம்பு தோள்பட்டைக்குக் கீழே குத்தியது. படகு சாய்ந்தபோது காலை எங்கே ஊன்றுவது என்று தெரியவில்லை. பாயின் அடியில் குறுக்கே கிடந்த அலுமினியக் குழாய் திடீரென்று இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வீசியது. "தலை!" என்று சேஷன் கத்தினார். அவள் என்ன தலை என்று நிமிர்ந்து பார்த்தாள். நெற்றியில் புடைத்தது ஒரு வாரம் இருந்தது. அதற்கப்புறம் அவரும் கூப்பிடவில்லை, அவளும் கேட்கவில்லை.

இதெல்லாம் பார்க்கின்சன்ஸ் வருவதற்கு முன்பு.

முதலில் வலது கைக் கட்டைவிரல் ஆடியது. பிறகு நடை குறுகியது. பிறகு குரல் இறங்கிக்கொண்டே வந்து, பக்கத்தில் போய்க் குனிந்து கேட்டால்தான் கேட்கும் என்றாகிவிட்டது. காயலுக்குப் போவது நின்றது. கூடத்தில் ஜன்னலோரம் ஒரு சாய்வு நாற்காலி போட்டார்கள். அந்த நாற்காலியைச் சாவித்ரி சீராட்டியதைப் போலத் தெருவில் யாரும் ஒரு பிள்ளையைக்கூடச் சீராட்டியதில்லை. இடுப்புக்கு ஒன்று, கழுத்துக்கு ஒன்று, முட்டிக்கு அடியில் ஒன்று என்று சின்னச் சின்னத் தலையணைகள். சரிந்து விழாமல் இருக்க நாடா. தம்ளர் வைக்க ஒரு தட்டு. கை ஆடினால் தம்ளரோடு சேர்த்து அவர் கையைத் தன் இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொள்வாள். காபி ஒரு சொட்டு சிந்தாது.

அவர் அதில் உட்கார்ந்து எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். டி.வி. வேண்டாம், பேப்பர் வேண்டாம். டாக்டர் சாவித்ரியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: இன்னும் கொஞ்ச காலத்தில் நிமிர்ந்து உட்காருவதே கஷ்டமாகிவிடும், எங்கேயாவது கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்றால் இப்போதே போய்விடுங்கள், கோவில் குளம் ஏதாவது.

பங்குனி மாசத்தில் ஒரு நாள் காலை ஜன்னல் திரை படபடத்தது. சேஷன் என்னவோ சொன்னார். அவள் குனிந்து, "என்ன கேட்டேள்?" என்றாள்.

"காயல்ல காத்து மாறியிருக்கும்."

பல வாரங்களில் அவராகப் பேசிய முதல் வாக்கியம் அது. சாவித்ரிக்குப் போக வேண்டிய இடம் எது என்று தெரிந்துவிட்டது. இடவப்பாதி என்கிற ஜூன் மழை பிடிப்பதற்குள் அவரை ஒரே ஒரு தடவை அந்தப் படகில் உட்கார்த்திவிட வேண்டும். அடுத்த வருஷம் என்பது கிடையாது.

ஓமனாவின் மகன் பிபினுக்கு போன் செய்தாள். கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. கல்யாணமாகிக் குழந்தை இருக்கிறது. கடைசி சில வருஷங்கள் சேஷனோடு ஞாயிறுதோறும் படகில் போனவன் அவன்தான். இப்போது படகைக் கழுவித் துடைத்து வைத்திருப்பவனும் அவன்தான்.

"மாமி, சாரை நான் கொண்டுபோறேன், கொழப்பம் இல்லை. பக்ஷே உக்காரணுமே? ரண்டு மணிக்கூர் அந்தப் பலகையில சாருக்கு உக்காரப் பற்றுமோ?"

"பலகையை நான் பாத்துக்கறேன். நீ காத்தைப் பாத்துக்கோ."

ஸ்நேகாவுக்கு விஷயம் தெரிந்ததும் கழக்கூட்டத்து ஃபிளாட்டிலிருந்து போனில் ஒரு பாட்டம் கத்தினாள். "அம்மா, உனக்கு என்ன வட்டா, பைத்தியமா? பாத்ரூம் போறதுக்கே ரெண்டு ஆள் பிடிக்கணும். போட்ல இருந்து விழுந்தா?"

"நாற்காலியில இருந்து விழறாரா? இல்லையோன்னோ? அது மாதிரி பண்ணிடறேன்."

"என்னது மாதிரி?"

"நாற்காலி மாதிரிடீ."

பிபினோடு படகைப் பார்க்கப் போன அன்று சாவித்ரி கையில் கத்தரிக்கோல், பசை டப்பா, ஒரு கட்டுப் பழைய மலையாளப் பேப்பர். தென்னை நிழலில் வண்டி மேல் ஏற்றி வைத்திருந்த படகுக்குள் ஸ்டூல் போட்டு ஏறினாள். உட்காருகிற பலகைகளின் மேல் பேப்பரை விரித்து ஒட்டி, வளைவு வளைவாக வெட்டினாள். ரவிக்கைக்குக் கழுத்து எடுப்பதைப் போல. படகின் பின்பக்கம் அகலம், முன்னே போகப் போகக் குறுகல். எந்த மெத்தையும் சதுரமாக வராது என்று உடனே புரிந்தது.

"இது என்னது, படகுக்கு ஜாக்கெட்டா மாமி?"

"சிரி. உன் பெண்டாட்டிக்கு ரவிக்கை தச்சுத் தந்தேனே, ஒரு சுருக்கம் இருந்துதா? இல்லையே. இதுவும் அப்படித்தான்."

பலகையில் உட்கார்ந்து பார்த்தாள். அந்த ஒரு நாள் அவளுக்கு எங்கெங்கே வலித்ததோ அங்கெல்லாம் உடம்பு தானாக நினைவுபடுத்தியது. இங்கே முதுகில் குத்தும். இங்கே கால் நழுவும். இங்கே தண்ணீர் தெறிக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒன்று யோசித்தாள். விளிம்பின் மேல் தொங்குகிற மாதிரி முதுகுக்குத் திண்டு. கால் ஊன்ற நடுவில் குறுக்கே ஒரு சட்டம். அலுமினியக் குழாய்க்கு, ஏ.சி. பைப்பில் மாட்டுகிற கறுப்பு ஸ்பாஞ்சு உறை. கைக்குப் பிடி, வீட்டு பாத்ரூமில் வைத்த அதே ஸ்டீல் பிடி.

வலது பக்கத்துப் பலகையின் பின் ஓரத்தில் ஓரிடத்தில் மட்டும் பெயின்ட் தேய்ந்து, உள்ளே நார் தெரிய வழவழவென்று இருந்தது.

"இது என்ன, எதாவது உரசிடுத்தா?"

"அது சாரோட எடமாக்கும். அங்ஙனேதான் உக்காருவார். போட் சாய்ஞ்சா பின்னால நகர்ந்து அந்த விளிம்பு மேல ஏறிடுவார். அங்க இருந்துதான் பாய்க்கயிறு பிடிப்பார்."

சாவித்ரி அந்த இடத்தைத் தடவினாள். இத்தனை வருஷம் இந்தக் கூரான விளிம்பிலா உட்கார்ந்தார்? எவ்வளவு வலித்திருக்கும்? அந்த இடத்துக்கு எல்லாவற்றையும் விடக் கனமான மெத்தை என்று பேப்பரில் எழுதிக்கொண்டாள்.

இடுப்புக்கு நாடா போட வேண்டும் என்றபோது மட்டும் பிபின் பலமாகத் தலையாட்டினான். "அது மாத்திரம் வேண்டா மாமி. போட்ல ஆளைக் கெட்டக்கூடாது. மறிஞ்சு கவுந்தா கதை முடிஞ்சுது." அவள் ஒப்புக்கொண்டாள். நாடாவுக்குப் பதில் இரண்டு பக்கமும் உயரமாகக் கை வைக்கிற திண்டு வைத்துவிடலாம். உட்கார்ந்தால் அசையவே முடியாது.

சாமான் வாங்க ஆரியசாலைக்குப் போனாள். ஆட்டோவுக்கும் சோபாவுக்கும் சீட் கட்டுகிற சற்குணத்தின் கடை. பாறசாலைப் பக்கத்து ஆள். சாவித்ரியை அவருக்குப் பல வருஷமாகத் தெரியும்.

"வள்ளத்துக்கா?" என்றார் சற்குணம், பேப்பர் அளவுகளை மேஜை மேல் பரப்பிக்கொண்டு. "எம்மா, வள்ளத்துல ஏறுதவன் நனையத்தான ஏறுதான். மெத்தை கேக்குதவன் வீட்டுல கெடக்க வேண்டியதுதான?"

"எங்காத்துக்காரருக்கு. உடம்பு தெரியுமோல்லியோ."

சற்குணம் சிரிப்பை நிறுத்திவிட்டார். தண்ணீர் குடிக்காத கெட்டியான ஃபோமை உள்ளிருந்து எடுத்துவந்து மேஜையில் போட்டார். ரெக்சின் வேண்டாம், வெயிலில் சுட்டு வியர்த்து வழுக்கும் என்றாள் சாவித்ரி. சரிதான் என்றார். கடை வாசலில் மறைப்பு கட்டுகிற கெட்டித் துணியில் நீல நிறம் எடுத்தார்கள். நடுவில் பொத்தான் வைத்துக் குழி இழுத்தால் தண்ணீர் தேங்கும், அதனால் பொத்தான் இல்லை. உப்புக் காற்றில் ஜிப் பிடித்துக்கொள்ளும், அதனால் எல்லாவற்றுக்கும் நாடா முடிச்சு.

அந்த வாரங்களில் ரேழியில் மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. அந்தக் கெட்டித் துணிக்கு ஊசி அடிக்கடி ஒடிந்தது. விரலில் குத்திக்கொண்டாள். கல்யாணமான நாளாக அவளுக்கு வெளியே இருந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் இப்போதுதான் கையை விட்டிருக்கிறாள். ஒரு குழந்தைக்குத் தொட்டில் கட்டுவதைப் போன்ற சந்தோஷம் இருந்தது. கூடத்திலிருந்து சேஷன் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன தைக்கிறாய் என்று கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை, நேரில் பார்க்கட்டும் என்று வைத்திருந்தாள்.

படகில் போன அன்று நல்ல வெயில். ஓமனா வீட்டுத் துறையில் பிபினும் கார் டிரைவரும் சேஷனைத் தூக்கிக் கொண்டுபோய்ப் படகில் வைத்தார்கள். லைஃப் ஜாக்கெட் மாட்டியபோது சேஷன் பாயை நிமிர்ந்து பார்த்தார். கண்ணில் என்னவோ ஓடியது. சாவித்ரி அதைப் பார்த்தாள், அதற்காகத்தான் இவ்வளவும். அவளும் ஏறி எதிரே உட்கார்ந்தாள்.

எல்லாம் அவள் நினைத்தபடியே அமைந்தது. திண்டு முதுகில் சரியாகப் பொருந்தியது. கால் சட்டத்தில் ஊன்றியது. பாய் பக்கம் மாறியபோது ஸ்பாஞ்சு உறை போட்ட குழாய் தலைக்கு மேலே நல்ல உயரத்தில் போயிற்று. பிபின் அதை ஏற்றிக் கட்டியிருந்தான். கரையோரத் தென்னைகள் விலகின. தூரத்தில், காயல் கடலோடு சேருகிற பொழிமுகத்து மணல் திட்டு வெளுப்பாகத் தெரிந்தது. மெத்தையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"சௌகரியமா இருக்கா?"

"ம்."

"முதுகு?"

"ம்."

பிபின் சுக்கான் கம்பைப் பிடித்துக்கொண்டு, "சாரே, காத்து பாருங்கோ, நம்ம சைடுதான்" என்றான். சேஷனின் வலது கை மடியிலிருந்து எழுந்து முன்னே போனது. கைத்திண்டில் இடித்து நின்றது. மறுபடி எழுந்தது. மறுபடி இடித்தது. சாவித்ரி அதை நடுக்கம் என்று நினைத்து அந்தக் கைக்கு அடியில் இன்னொரு தலையணையைச் சொருகினாள்.

சேஷன் அவளைப் பார்த்தார். அவள் எழுந்து போய்க் குனிந்தாள்.

"இதுக்கு ஆத்துலேயே இருந்திருக்கலாமே" என்றார்.

"என்ன சொல்றேள்?"

"அதே நாற்காலி. அங்கே சுவர். இங்கே ஜலம்."

அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. "ஒரு மாசமா விரலைக் குத்திண்டு தச்சிருக்கேன். உங்களுக்கு வலிக்கக் கூடாதேன்னு."

"எனக்கு வலிச்சதுன்னு நான் எப்போ சொன்னேன்?"

அவர் சொல்லியிருக்கவில்லைதான். வலித்தது அவளுக்கு. அந்த ஒரு நாள் அவளுக்கு எங்கே வலித்ததோ அங்கெல்லாம் அவருக்கு மெத்தை போட்டிருந்தாள். தெருவில் ஒருத்தி அளவை இன்னொருத்திக்கு வைத்து அவள் இதுவரை தைத்ததே இல்லை.

அவர் விரல் மெத்தையின் ஓரத்தைச் சுரண்டியது. "எடு" என்றார்.

நாடா முடிச்சுகளை அவள்தான் அவிழ்த்தாள். இறுக்கமாகப் போட்ட முடிச்சுகள். பல்லால் இழுக்க வேண்டியிருந்தது. கைத்திண்டு, முதுகுத் திண்டு, கனமான அந்த மெத்தை என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் படகின் முன்பக்கம் அடுக்கினாள். சேஷன் இரண்டு கையையும் ஊன்றி, தேய்ந்த அந்த இடத்துக்கு நகர்ந்தார். நகர்வதற்கு வெகு நேரம் பிடித்தது. பிபின் உதவப் போனான். சாவித்ரி கண்ணால் வேண்டாம் என்றாள். விளிம்பில் ஏறி உட்கார்ந்தார். முதுகு வளைந்தாலும் தலை நிமிர்ந்தது. பாய்க்கயிற்றுக்காகக் கையை நீட்டினார். பிபின் ஒரு கணம் தயங்கிவிட்டுக் கொடுத்தான்.

கொஞ்ச நேரம், ரொம்பக் கொஞ்ச நேரம், அவர் படகு ஓட்டினார். கை நடுக்கம் கயிற்றில் ஏறி, கயிற்றிலிருந்து பாயில் ஏறி, பாயின் ஓரம் சிலிர்த்துக்கொண்டே இருந்தது. ஆனால் படகு போயிற்று. "கொஞ்சம் மேலே" என்றார் பிபினிடம். பிபின் கம்பைத் திருப்பினான். "மதி, போறும்" என்றார். சாவித்ரி எதிரே வெறும் பலகையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இவரை இப்படி அவள் பார்த்ததே இல்லை என்று தோன்றியது.

பொழிமுகத்துப் பக்கத்திலிருந்து தண்ணீரைக் கறுப்பாக்கிக்கொண்டு ஒரு காற்று வந்தது. படகு சாய்ந்தது. கயிற்றைப் பிடித்த கை பலமாக ஆடியது. அந்தக் கையைப் பார்த்ததும் சாவித்ரி யோசிக்கவில்லை. தினமும் காபித் தம்ளருக்குச் செய்வதைச் செய்தாள். தாவிப் போய், தன் இரண்டு கையாலும் அவர் கையைக் கயிற்றோடு பொத்தி இறுக்கிப் பிடித்தாள்.

படகு இன்னும் சாய்ந்தது. தண்ணீர் விளிம்பைத் தாண்டி உள்ளே கொட்டியது. கயிற்றைத் தளர விட்டால் பாயிலிருந்து காற்று கழன்று படகு நிமிரும் என்பது அவளுக்குத் தெரியாது. அவள் இன்னும் இறுக்கினாள்.

"விடுடீ! கயிறை விடு!"

காயல் முழுக்கக் கேட்டது. ஒரு வருஷமாக இல்லாத குரல். அவள் பதறிக் கையை எடுத்தாள். அவள் எடுத்த பிறகும் கயிறு ஓடவில்லை. அவர் விரல்கள் மூடியபடியே இருந்தன. பிபின் சுக்கான் கம்பைத் தள்ளிப் படகைக் காற்றுக்கு நேரே திருப்பினான். எட்டி அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். பாய் படபடவென்று அடித்துக்கொண்டு நின்றது. படகு நிமிர்ந்தது. முழங்கால் வரை தண்ணீரில் ஃபிளாஸ்க் மிதந்தது.

"சாரே, ஒண்ணும் பற்றியில்லல்லோ, அடி படலையே?"

சேஷன் பலகைக்குச் சரிந்திருந்தார். இடுப்பில் விளிம்பு இடித்திருந்தது. சாவித்ரி அவரைத் தாங்கிப் பிடித்தாள். "என் தப்பு. நான் பிடிச்சிருக்கக் கூடாது. எனக்குத் தெரியலை. நீங்க நன்னா ஓட்டிண்டிருந்தேள். இன்னொரு தரம் பிடிங்கோ. நான் கிட்டவே வர மாட்டேன்."

அவர் தன் வலது கையைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். விரலை விரிக்கப் பார்த்தார். பாதிக்கு மேல் விரியவில்லை.

"நீ பிடிக்கலேன்னாலும் இது விட்டிருக்காது" என்றார். குரல் பழையபடி இறங்கியிருந்தது. "நான் சொல்லிண்டேதான் இருந்தேன் விடு விடுன்னு. இதுகிட்ட. நீ வரதுக்கு முன்னாடியே."

பிபின் தலையைக் குனிந்துகொண்டு வாளியால் தண்ணீரை இறைக்க ஆரம்பித்தான்.

"மழைக்கு முன்னாடி இன்னொரு ஞாயித்துக்கிழமை வரலாம். டாக்டரைக் கேட்டு மாத்திரையைக் கூட்டி..." என்றாள் சாவித்ரி.

"வேண்டாம்."

அவர் தண்ணீரைப் பார்த்தார். பிறகு படகின் முன்னால் அடுக்கி வைத்திருந்த நீல மெத்தைகளைப் பார்த்தார்.

"அதையெல்லாம் திரும்பப் போட்டுடு" என்றார்.

அவர் முரண்டு பிடித்திருந்தால் அவளுக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும். அவள் மெத்தைகளை எடுத்துவந்தாள். ஃபோம் தண்ணீரைக் குடித்திருக்கவில்லை. துணியை மட்டும் பிழிந்தாள். பலகையில் விரித்து, அவரைத் தூக்கி உட்கார்த்தி, முதுகுக்கு ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என்று வைத்து ஒவ்வொரு நாடாவாக முடிச்சிட்டாள். ஒரு நாடாவின் நுனியை அவர் இடது கையால் பிடித்துக் கொடுத்தார். ஆடிக்கொண்டிருந்த நுனியை அவள் வாங்கிக் கட்டினாள்.

பிபின் படகைக் கரைப்பக்கம் திருப்பினான். பாய் பக்கம் மாறியபோது, "தலை" என்று மெதுவாகச் சொன்னான். சேஷன் தலையைக் குனியவில்லை. குனிய வேண்டிய அவசியம் இல்லாத உயரத்தில்தான் குழாய் இருந்தது.

கொஞ்ச தூரம் வந்த பிறகு அவர் உதடு அசைந்தது. சாவித்ரி குனிந்தாள்.

"சாப்பிட என்ன கொண்டுவந்திருக்கே?"

அத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் படகில் சாப்பிட்டதில்லை. கை காலியாக இருக்காது என்பார். அவள் கட்டிக் கொடுத்த பொட்டலங்கள் மாலையில் அப்படியே திரும்பி வரும். அவள் திட்டிக்கொண்டே பசுமாட்டுக்குப் போடுவாள்.

"தயிர்சாதம்" என்றாள். "நார்த்தங்காய் இருக்கு."

"குடு."

எவர்சில்வர் டப்பா மூடி இறுக்கமாக இருந்ததால் உள்ளே தண்ணீர் போகவில்லை. அவள் ஸ்பூனால் பிசைந்து எடுத்து நீட்டினாள். காற்று திரும்பக் கிளம்பியது. பிபின் பாய்க்கயிற்றை இழுத்துப் பிடித்தான். சேஷன் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் வாயைத் திறந்தார்.